குடைச்சலாரும் மட்டத் திருகும்

சும்மா இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் பலர் உண்டு. தொடாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவர், நமக்குத் தெரிந்து, குடைச்சலார் ஒருவர்தான். அரும்பொருட்காட்சியகத்தில் மண்பாண்டக் கூடத்துக் காவலர் அவர். கண்ணாடி போடாத மேடைகளில் பழைய பானைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நடுவில் அவருக்கு ஒரு நாற்காலி. நாற்காலிக்கு மேலே ‘தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை. பார்க்க வருகிறவர்களுக்காக மாட்டிய பலகை என்றுதான் நிர்வாகம் நினைத்துக்கொண்டிருந்தது. கூட வேலை பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும்.

அவருடைய கைகள் அப்படிப்பட்டவை. ஒரு பானை பக்கத்துப் பானையைவிட நூலிழை தள்ளி இருந்தால் போதும், விரல்கள் நமநமக்கும். காலையில் கூடம் திறந்ததிலிருந்து மாலையில் மூடுகிறவரை இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் போட்டு, அவற்றின் மேல் உட்கார்ந்து, அரசாங்கச் சொத்தைத் தன்னிடமிருந்து காப்பாற்றுவார். அடக்கியது எங்கே போகும்? வீட்டுக்குத்தான் வரும். ஒழுங்காக மூடிக்கொண்டிருக்கும் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றுவார். அன்று முதல் அது சொட்டும். சத்தம் போடாத கதவுக் கீலைப் பார்த்து, ஏன் போடவில்லை என்று சந்தேகப்பட்டு எண்ணெய் விடுவார். எண்ணெயில் தூசி சேர்ந்து அடுத்த வாரம் கீல் கத்தும். “பாத்தியா, எனக்கு அப்பவே தெரியும்” என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. சம்பள நாளன்று மட்டும் அது வெளியே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடும். மற்ற நாளெல்லாம் குடைச்சலார்தான். மரியாதைக்கு ஓர் ‘ஆர்’ சேர்த்துக் கொடுத்ததில் தெருக்காரர்களின் பெருந்தன்மை தெரிகிறது.

அவருடைய வாழ்நாள் சாதனை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், வீட்டின் போர்டிகோவைத்தான் காட்ட வேண்டும். அதில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று போன மழைக்கு முன்னால் கொத்தனாரை வரவழைத்து, தரையைத் தெருப்பக்கம் சரித்துப் போடச் சொன்னார். கொத்தனாரும் போட்டார். குடைச்சலார் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். போகிறது, ஆனால் யோசித்து யோசித்துப் போகிறது என்று அவருக்குப் பட்டது. இன்னும் சரிக்கச் சொன்னார். மறுபடி ஊற்றினார். மறுபடி சரிக்கச் சொன்னார்.

“சார், இதுக்கு மேல சரிச்சா தண்ணி நிக்காதுங்கறது சரி. நீங்களும் நிக்க மாட்டீங்க” என்றார் கொத்தனார்.

“தண்ணி போகுதா, அத மட்டும் பாருங்க.”

தண்ணீர் போயிற்று. அதன்பின் கை தவறிக் கீழே விழுந்த தக்காளி, பந்து, பாத்திர மூடி எல்லாமே போயின. தெருவில் போகிறவர்கள் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சரிவில்தான், முன்சக்கரம் வீட்டைப் பார்க்க, பின்சக்கரம் தெருவைப் பார்க்க, சென்டர் ஸ்டாண்டில் அவருடைய பழைய வண்டி நின்றது.

இந்த இடத்தில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் முடியாது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் என்ஜினின் வேகத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோக இடப்பக்கம் ஒரு செயின் உண்டு. பிரைமரி செயின் என்பார்கள். செயினும் கிளட்சும் ஒரே பெட்டிக்குள், ஒரே எண்ணெயில், மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் புழங்குவது போலப் புழங்கும். எண்ணெய் குறைந்தால் செயின் கத்தும். கூடினால் கிளட்ச் முரண்டு பிடிக்கும். பிடியை அழுத்தினாலும் கிளட்சின் தட்டுகள் ஒன்றையொன்று விடாது, கியரில் நிற்க வேண்டிய வண்டி மெல்ல ஊரும். அளவு சரியாக இருந்தால் இருவரும் இருக்கிற இடமே தெரியாது. அந்த அளவைப் பார்ப்பதற்குப் பெட்டியின் முன்பக்கம் ஒரு சின்னத் திருகு. மெக்கானிக் அதை லெவல் ஸ்க்ரூ என்பார். நாம் மட்டத் திருகு என்று வைத்துக்கொள்வோம்.

மெக்கானிக் என்றைக்கோ சொல்லிக் கொடுத்ததைக் குடைச்சலார் மந்திரம் போல மனப்பாடம் செய்திருந்தார்: “வண்டி ஆறினதும் சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. இந்த ஸ்க்ரூவ எடுத்துட்டு மேல ஊத்துங்க. இந்த ஓட்டைல வழிஞ்சா போதும், நிறுத்திடுங்க. வழியறது நின்னதும் மூடிடுங்க.”

மந்திரத்தில் ‘ஆறினதும்’ என்ற சொல் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆறுகிறவரை என்ன செய்வது? வேலையிலிருந்து வந்து இறங்கிய சூட்டோடு திருகைக் கழற்றுவார். ஓடி வந்த வண்டியில் எண்ணெய் பாதி செயினிலும் தட்டுகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மீதி, தரையின் சரிவுக்கு மரியாதை கொடுத்துப் பின்பக்கம் ஒதுங்கியிருக்கும். முன்பக்கத் துளை வறண்டு கிடக்கும். “குடிச்சிடுச்சு பாத்தியா” என்று வண்டியைச் செல்லமாகக் கடிந்துகொண்டு, வழிகிறவரை ஊற்றுவார். கவலை வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், சிலர் சாமியிடம் போவார்கள். குடைச்சலார் பிரைமரிக்குப் போவார்.

அந்த ஆண்டு அவருக்குக் கவலை நிறைய வந்தது. காரணம், மனைவி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

தெருவில் அவளை லேப் அக்கா என்பார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஜன்னலே இல்லாத பின்னறையில், குழாய்விளக்கு வெளிச்சத்தில், ரத்தக் குப்பிகளைச் சுழற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு என்று ஊரின் உள்விவகாரம் முழுக்க அவளுக்குத் தெரியும்; முகம் ஒன்றும் தெரியாது. வெளியே வெயிலா மழையா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். இப்போது வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர ஓர் ஆள் தேவைப்பட்டது. மேலாளர் அம்மா கூப்பிட்டுச் சொன்னாள்:

“லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க, அந்த வேலை உங்களுக்குத்தான். இல்லன்னா வேற வழியில்ல, வாசல் கவுன்ட்டர்ல இருக்கறவருக்குக் குடுத்துடுவேன். அவருகிட்ட லைசென்ஸ் இருக்கு.”

“அவரு ரத்தத்தப் பாத்தா மயங்கி விழுவாரே மேடம்?”

“விழட்டும். லைசென்ஸோட விழுவாரு.”

லேப் அக்கா வைராக்கியத்தோடு கற்றுக்கொண்டாள். எட்டுப் போட்டாள், திரும்பினாள், கையைக் காட்டினாள், எல்லாம் வந்தது. ஒன்றுதான் வரவில்லை. நிற்பது வரவில்லை.

“என்னங்க, கிளட்ச முழுசாப் புடிச்சாலும் வண்டி இழுக்குதுங்க. நியூட்ரலும் விழமாட்டேங்குது.”

“உனக்குக் கை பழகல.”

“என் கை நல்லாத்தான் இருக்கு. இது மாடு மாதிரி முன்னால முன்னால போகுது.”

சொல்லிவிட்டு அவள் உள்ளே போவாள். குடைச்சலார் வண்டியைச் சுற்றி வருவார். மனைவி பாவம், தான் ஏதாவது செய்ய வேண்டாமா? சூட்டோடு திருகைக் கழற்றிப் பார்ப்பார். வறண்டிருக்கும். அன்போடு ஊற்றுவார். பாசத்தால் கெட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். பாசத்தால் கெட்ட கிளட்ச் அது ஒன்றுதான்.

முதல் தேர்வில் நடந்ததை மைதானத்துக்காரர்கள் பல நாள் பேசினார்கள். எட்டை எட்டாகவே போட்டாள். கடைசியில் வெள்ளைக்கோடு. தேர்வாளர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கையை உயர்த்தினார். கியரிலேயே, கிளட்சைப் பிடித்தபடி நிற்க வேண்டும். பிரேக்கைப் பிடித்தால் என்ஜின் செத்தது. உயிர் கொடுத்து, பிரேக்கை விட்டால் வண்டி நகர்ந்தது. தேர்வாளர் ஓரடி பின்வாங்கினார். வண்டி ஓரடி முன்வந்தது. அவர் இன்னும் பின்வாங்கினார். கடைசியில் சுவர் வந்துவிட்டதால் அவர் நின்றார். அவர் செருப்பில் மோதி வண்டியும் நின்றது.

“போதும்மா” என்றார் அவர், சுவரில் சாய்ந்தபடி. “அடுத்த வாட்டி வாங்க. கோட்டுலயே நிக்கற வண்டியா எடுத்துட்டு வாங்க.”

மேலாளர் அம்மா இன்னொரு தேர்வு வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அதற்குமேல் இல்லை. கவுன்ட்டர்காரர் ரத்தத்தைப் பார்த்துப் பழகுவதற்காகத் தக்காளிச் சாற்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறார் என்று செய்தி வந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. குடைச்சலார் வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார்.

மெக்கானிக் கிளட்சைப் பிடித்துப் பார்த்தார். “இழுக்குதே. பிரைமரில எண்ணெய் எப்படி இருக்கு?”

“அதத் தொடாதீங்க” என்றார் குடைச்சலார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வீட்டு விஷயத்தில் வந்தது அதுவே முதல் தடவை. “அத நான் தினமும் பாக்கறேன். ஓட்டைல வழியற வரைக்கும் வெச்சிருக்கேன். நீங்க சொன்னபடிதான்.”

“நான் சொன்னபடியா?”

“எழுத்து மாறாம.”

தன் பாடத்தையே தனக்கு ஒப்பித்தால் எந்த வாத்தியார்தான் குறை சொல்வார்? மெக்கானிக் கிளட்ச் கேபிளை மாற்றினார், பிடியைச் சரிசெய்தார், “கொஞ்ச நாளைக்கு நீங்க கை வைக்காம இருங்க சார், அதுவா சரியாயிடும்” என்று வைத்தியம் சொல்லி அனுப்பினார். அதில் முதல் பாதிதான் குடைச்சலாரால் முடியாத பத்தியம்.

இரண்டாம் தேர்வு நாள் விடிந்தது. குடைச்சலார் விடிவதற்கு முன்பே எழுந்து, வாசலுக்கும் வண்டிக்கும் நடந்து, கண்ணாடியைத் துடைத்து, துடைத்த கண்ணாடி திரும்பிவிட்டதோ என்று திருப்பி, திருப்பியது அதிகமோ என்று மறுபடி திருப்பிக்கொண்டிருந்தார். லேப் அக்கா வெளியே வந்து கையை நீட்டினாள். அவர் ஸ்பேனரை எடுத்து அந்தக் கையில் வைத்தார். அவள் அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“இன்னிக்கு ஒரு நாள், என் மேல சத்தியமா, வண்டியத் தொடாதீங்க.”

“ஓட்டறதுக்குக்கூடவா?”

“ஓட்டலாம். குடையக்கூடாது.”

சத்தியம் செய்தார். அவருடைய காலுறைக்குள் இன்னொரு ஸ்பேனர் இருந்தது என்பதையும், சாப்பாட்டுப் பைக்குள் நிறைந்த எண்ணெய் பாட்டில் ஒன்று இருந்தது என்பதையும் அந்தச் சத்தியம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மைதானம் கான்கிரீட் போட்ட சமதரை. முந்தின நாள் மழையின் தண்ணீர் போக வழி தெரியாமல் ஆங்காங்கே அப்படியே கிடந்தது. அதைப் பார்த்ததும் குடைச்சலாருக்கு மனம் பொறுக்கவில்லை. இதைச் சரித்துப் போட ஒரு கொத்தனார் இல்லாமல் போனாரே என்று வருந்தினார். வரிசை நீளம். வெயில் ஏறியது. வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்று நன்றாக ஆறிப்போயிற்று. குடைச்சலாரின் வாழ்க்கையில் அந்த வண்டி திருகு கழற்றப்படாமல் ஆறியது அன்றுதான். லேப் அக்கா காகிதங்களைக் காட்டுவதற்காக அலுவலக ஜன்னலுக்குப் போனாள்.

அவர் கைகளைத் தொடைக்கடியில் வைக்கப் பார்த்தார். உட்கார இடமில்லை. மார்பில் கட்டினார். பைக்குள் விட்டார். முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவை கேட்கவில்லை. ஒரு மூடி, ஒரே ஒரு மூடி எண்ணெய் விட்டால் இவளுக்கு வண்டி சொன்னபடி கேட்கும் என்று உள்ளே ஏதோ ஒன்று கெஞ்சியது. குனிந்தார். காலுறையைச் சொறிவது போலச் சொறிந்தார். மட்டத் திருகைக் கழற்றினார்.

வறண்ட துளையை எதிர்பார்த்த இடத்தில் குழாய் திறந்தது போல எண்ணெய் கொட்டியது.

இன்றைக்கென்று வண்டியை உடைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். சுட்டுவிரலைத் துளையில் சொருகி, வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, தெரிந்தவர் யாராவது பார்த்தால் வண்டியோடு பேசிக்கொண்டிருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். பார்த்தது லேப் அக்கா.

“என்ன பண்றீங்க?”

“ஒண்ணும் பண்ணல.”

“விரல் எங்க இருக்கு?”

“சும்மா, இங்கதான்.”

“எடுங்க.”

“எடுத்தா ஊத்தும்.”

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ சும்மா நின்று, தரையில் கொட்டியிருந்த எண்ணெயைப் பார்த்தாள். அது எந்தப் பக்கமும் ஓடாமல் விழுந்த இடத்திலேயே வட்டமாக உட்கார்ந்திருந்தது. பிறகு முன்சக்கரத்தைப் பார்த்தாள், பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

“வீட்டுல எங்க வெச்சு இதப் பாப்பீங்க?”

“போர்டிகோலதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டுத்தான் பாப்பேன். மெக்கானிக்கக் கேளு.”

“ஸ்டாண்ட் வண்டியத்தான் நிமித்தும். நீங்க சரிச்சு வெச்ச தரைய நிமித்துமா?”

குடைச்சலாரின் மனக்கண்ணில் கொத்தனாரின் முகம் வந்துபோனது.

“டியூபச் சாச்சுப் புடிச்சு அளவு பாத்தா எங்க லேப்ல என்ன சொல்வாங்க தெரியுமா? நாளைலேருந்து வராதேம்பாங்க. எண்ணெய் எல்லாம் பின்னால ஒதுங்கி நின்னிருக்கு. நீங்க முன்னால பாத்து இல்ல இல்லன்னு ஊத்தியிருக்கீங்க. பாவம், அந்தக் கிளட்ச் கழுத்து வரைக்கும் முழுகித் தத்தளிச்சிருக்கு.” அவள் கைப்பையைத் திறந்தாள். பரிசோதனைக்குச் சிறுநீர் பிடிப்பதற்கான புதுப் பிளாஸ்டிக் கிண்ணங்கள் சில அதில் எப்போதும் கிடக்கும். “விரல எடுங்க. எவ்வளவு வருதோ வரட்டும்.”

“இந்த பாட்டில்ல புடிச்சுக்கலாமே” என்று பழக்க தோஷத்தில் சாப்பாட்டுப் பையைக் காட்டினார். பாட்டில் நிறைந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கிண்ணத்தைத் துளைக்கு அடியில் பிடித்தாள்.

வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். “என்னக்கா, வண்டிக்கு ரத்தம் எடுக்கறீங்களா?”

“ஆமாங்க. வெறும் வயித்தோட கூட்டிட்டு வரச் சொன்னேன். இவரு ஊட்டி ஊட்டிக் கூட்டிட்டு வந்திருக்காரு.”

கயிறாக வந்தது நூலாயிற்று. நூல் சொட்டாயிற்று. நிறைந்த கிண்ணங்களை அவள் ஒவ்வொன்றாகக் குடைச்சலார் கையில் கொடுத்தாள். கடைசிச் சொட்டு விழலாமா வேண்டாமா என்று துளையின் உதட்டில் நின்று, விழாமலே இருந்துவிட்டது. திருகைத் துடைத்து, கையால் முடுக்கி, தரையில் கிடந்த ஸ்பேனரால் அளவாக ஓர் இறுக்கு இறுக்கினாள். அந்த ஸ்பேனர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்காததுதான் குடைச்சலாருக்கு உறுத்தியது.

“இதுக்கெல்லாம் மூடி?”

“மூடி லேப்ல இருக்கு. சிந்தாமப் புடிச்சுட்டு நில்லுங்க. தரைல ஊத்திடாதீங்க, யாராவது வழுக்கி விழுவாங்க.”

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் வண்டியை எடுத்து, கிளட்சைப் பிடித்து, கியர் போட்டாள். வழக்கமாகச் சட்டி உடைவது போல விழுகிற கியர், பெட்டி மூடுவது போல ‘டக்’கென்று விழுந்தது. வண்டி நகரவில்லை. அவள் குனிந்து ஒருமுறை கீழே பார்த்துக்கொண்டாள்.

குடைச்சலார் விளிம்பு வரை எண்ணெய் நின்ற கிண்ணங்களை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி மைதானத்து ஓரத்தில் நின்றார். கை காட்ட முடியாது. நெற்றி வியர்வையைத் துடைக்க முடியாது. அவள் எட்டின் முதல் வளைவில் திரும்பியபோது அவரையறியாமல் அவரும் இடப்பக்கம் சாய்ந்தார். கிண்ணத்தில் எண்ணெய் ஒரு பக்க விளிம்பை விட்டு இறங்கி, மறுபக்க விளிம்பில் ஏறி எட்டிப் பார்த்தது. அவசரமாக நிமிர்ந்தார். அதுவும் நிமிர்ந்தது. மறுபடி லேசாகச் சாய்த்தார். ஒரு பக்கம் வறட்சி, ஒரு பக்கம் வெள்ளம். அரும்பொருட்காட்சியகத்தில் இத்தனை காலம் காவல் இருந்தும் எந்தப் பானையையும் அவர் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை.

அப்போதுதான் மூக்கு அரித்தது.

முதலில் நுனியில் ஆரம்பித்து, பிறகு உள்ளே போய், பிறகு முகம் முழுவதும் மூக்காயிற்று. தோளில் தேய்க்கலாமென்றால் எண்ணெய் சிந்தும். உதட்டைச் சுழித்தார், ஊதினார், குதிரை போலச் செருமினார். பக்கத்தில் நின்றவர் பயந்து நகர்ந்தார். வண்டி எட்டை முடித்துக்கொண்டு வெள்ளைக்கோட்டை நோக்கி வந்தது. தேர்வாளருக்கு அவளை ஞாபகம் இருந்தது. கையை உயர்த்துவதற்கு முன்னாலேயே சுவரிலிருந்து தன் தூரத்தை அளந்துகொண்டு, பத்திரமான இடத்தில் நின்றார்.

கை உயர்ந்தது. கோட்டில் வண்டி நின்றது.

தேர்வாளர் காத்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கியர் கியராகவே இருந்தது, பிடித்த கிளட்ச் பிடித்தபடி இருந்தது, சக்கரம் அசையவில்லை. குடைச்சலாரின் கண்ணில் தண்ணீர் வந்தது; அது மூக்கு அரிப்பால் வந்ததா வேறு எதனால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வசதியில்லை. தேர்வாளர் மெல்ல முன்னால் வந்தார். சக்கரத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

“வேற வண்டியாம்மா?”

“அதே வண்டிதான் சார்.”

“அப்போ என்ன பண்ணீங்க?”

அவள் மைதானத்து ஓரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு நடுவயதுக்காரர் கையில் கிண்ணங்களோடு, முகத்தை நாலாபக்கமும் கோணியபடி, சிலை போல நின்றுகொண்டிருந்தார்.

“கொஞ்சம் குறைச்சோம் சார்” என்றாள்.

தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். அவள் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தாள். வருகிற நடையிலேயே விஷயம் தெரிந்தது. ஜன்னலில்லாத அறை அவள் முதுகுக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்தது.

“பாஸ்ங்க.”

“சந்தோஷம்” என்றார் குடைச்சலார், பல்லைக் கடித்துக்கொண்டு. “முதல்ல என் மூக்கச் சொறிஞ்சு விடு.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொறிந்துவிட்டாள். வாழ்க்கையில் தன் கையால் சரிசெய்த எந்தப் பொருளும் அவருக்கு அவ்வளவு சுகத்தைக் கொடுத்ததில்லை.

மைதானத்துக்கு எதிரே ஒரு வண்டிப் பட்டறை இருந்தது. பழைய எண்ணெயை அங்கே ஒரு பீப்பாயில் வாங்கிக்கொள்வார்கள். இருவரும் சாலையைக் கடந்தார்கள். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, அவர் கிண்ணங்களை மட்டமாகப் பிடித்தபடி, காலடி பார்த்துப் பார்த்துப் பின்னால் போனார். அவர் சிந்தாமல் நடப்பதைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

“நான் என்ன நினைக்கறேன்னா,” என்றார் குடைச்சலார், பீப்பாயை நெருங்கியதும், “அந்த போர்டிகோ தரைய இப்ப திருப்பி வீட்டுப் பக்கமா லேசா…”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“சரி” என்றார் அவர். ஒவ்வொரு கிண்ணமாகக் கவிழ்த்தார். கைகள் காலியாயின. பட்டறைத் தூணில் ஒரு ஸ்விட்ச் பெட்டி கொஞ்சம் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.